லண்டனில் இருந்துகொண்டு ஷெங்கன் விசா: குடும்பமாக விண்ணப்பித்த அனுபவம்

லண்டன் செயின்ட் பேன்க்ராஸில் ரயில் ஏறினால் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸ். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை மாலை முடிவெடுத்து சனிக்கிழமை காலை கிளம்பிவிடுவார். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நாம் அதே ரயிலுக்கு மாதக்கணக்கில் முன்பே வேலையை ஆரம்பிக்க வேண்டும். பிரிட்டனில் ஸ்கில்டு ஒர்க்கர் விசா இருந்தாலும் சரி, நிரந்தரமாகத் தங்கும் அனுமதியே இருந்தாலும் சரி, ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு, நாம் இந்தியர்கள்தான். விசா கட்டாயம்.

நானும் மனைவியும் மகளும் பிரான்ஸ் போய் வந்ததிலிருந்து, அலுவலகத்திலும் கோயிலிலும் பார்க்கிறவர்கள் இதைப் பற்றியே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அதிகம் பேர் கேட்கும் கேள்வி. "அண்ணா, அப்பா அம்மா ஊர்லேருந்து வந்திருக்காங்க. இங்கேருந்தே அவங்களுக்கும் போட்டு பாரிஸ் கூட்டிட்டுப் போயிடலாமா?"

போன கோடையில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பி இப்படித்தான் கேட்டான். அவனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன். 2009-இல் வந்த சட்டம் அது. பிறகு சில திருத்தங்கள் நடந்திருக்கின்றன. எந்த நாட்டில் சட்டப்படி வசிக்கிறீர்களோ, அந்த நாட்டில் வசிப்பவர்களின் விண்ணப்பங்களைப் பார்க்கும் ஷெங்கன் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. அப்பா அம்மா பிரிட்டனுக்கு வந்திருப்பது வருகையாளர் விசாவில். அவர்கள் இங்கே 'இருக்கிறார்கள்', ஆனால் 'வசிக்கவில்லை'. அப்படி இருப்பவர்களின் விண்ணப்பத்தையும் வாங்கலாம் என்று சட்டத்தில் ஒரு வழி உண்டு. ஆனால் சொந்த நாட்டில் போடாமல் ஏன் இங்கே போடுகிறோம் என்பதற்குத் தூதரகம் ஒப்புக்கொள்ளும் காரணம் வேண்டும். 'பிள்ளையைப் பார்க்க வந்தோம், அப்படியே பாரிஸும் பார்க்கலாம் என்று தோன்றியது' என்பதை அப்படிப்பட்ட காரணமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிப் பணம் கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவனுக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன்: அப்பா அம்மா ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். முதலில் பிரிட்டன் விசா. அது கையில் வந்து பாஸ்போர்ட்டும் திரும்பிய பிறகு, அங்கேயே ஷெங்கன் விண்ணப்பம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாகவாவது போட்டிருக்க வேண்டும். எனவே 'லண்டன் வந்த ஒரு மாதம் கழித்துப் பாரிஸ்' என்று தேதி வைத்தால்கூட ஊரிலேயே போட்டுவிடலாம். இரண்டு விசாவுக்கும் ஒரே நேரத்தில் போட முடியாது. இருப்பது ஒரு பாஸ்போர்ட். ஆகவே பிள்ளைகள் இதற்கென்று மூன்று நான்கு மாதமாவது ஒதுக்கிக்கொண்டு அப்புறம் டிக்கெட் விலையைப் பாருங்கள்.

அப்பா அம்மாவுக்குக் கிடைத்து நமக்குக் கிடைக்காத ஒரு சலுகையும் இருக்கிறது, அயர்லாந்து விஷயத்தில். பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் வைத்திருக்கும் திட்டத்தின்படி, வருகையாளர் விசாவில் 'பிஐவிஎஸ்' என்ற குறிப்பு இருந்தால், முதலில் பிரிட்டனுக்குள் வந்துவிட்டு அதே விசாவில் டப்ளினும் போகலாம். இங்கே வேலை பார்த்து வரி கட்டும் நமக்கு அது பொருந்தாது, தனியாக அயர்லாந்து விசா வாங்க வேண்டும். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து டப்ளினுக்குப் பேருந்தில் போகும்போது எல்லை எங்கே வந்தது என்றே தெரியாது என்பது உண்மைதான். அதற்காக விசா வேண்டாம் என்று ஆகிவிடாது. அந்தப் பேருந்தில் சில சமயம் சோதனை நடக்கும். ஷெங்கன் விசாவும் அங்கே செல்லாது, அயர்லாந்து ஷெங்கனில் இல்லை.

அடுத்தது எந்த நாட்டுத் தூதரகம் என்பது. 'அந்த நாடு ஈஸியா குடுக்கிறான், இந்த நாட்டுல ரிஜெக்ட் ஆகும்' என்று வாட்ஸ்அப் குழுக்களில் பெரிய ஆராய்ச்சியே நடக்கும். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அங்கே விண்ணப்பம். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அங்கே. நாங்கள் பாரிஸில் நான்கு இரவு, பிரஸ்ஸல்ஸில் ஓர் இரவு என்று போட்டிருந்தோம், ஆகவே பிரான்ஸ். விசா கிடைத்த பிறகு முதலில் பிரஸ்ஸல்ஸில் இறங்கினாலும் குற்றமில்லை. ஆனால் ஒரு நாட்டில் விசா வாங்கிக்கொண்டு அந்த நாட்டுப் பக்கமே போகாமல் வேறு நாட்டில் முழு விடுமுறையையும் கழிப்பது வேறு விஷயம். எல்லையில் கேட்டால் பதில் சொல்ல முடியாது, அடுத்த விண்ணப்பத்திலும் அது தலைதூக்கும். எளிதான நாட்டைத் தேடி அலையும் நேரத்தில் கவரிங் லெட்டரை, அதாவது விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதத்தை, ஒழுங்காக எழுதலாம் என்பது என் கட்சி.

விண்ணப்பத்தை வாங்குவது பெரும்பாலும் தூதரகம் அமர்த்தியிருக்கும் தனியார் மையங்கள்தான். விஎஃப்எஸ், டிஎல்எஸ், பிஎல்எஸ் என்று நாட்டுக்கு ஒன்று. அங்கே இருப்பவர்கள் காகிதத்தை வாங்கி, கைரேகை எடுத்து, தூதரகத்துக்கு அனுப்புவார்கள். விசா கொடுப்பதோ மறுப்பதோ அவர்கள் கையில் இல்லை. 'கவுண்டர்ல இருந்தவங்க ஓகேன்னு சொன்னாங்க, அப்புறம் ரிஜெக்ட் ஆயிடுச்சு' என்று புலம்புகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பெரிய தலைவலி ஸ்லாட். விண்ணப்பிக்க நாள் கேட்டால் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு முன்னால் லண்டனில் அந்த விதியைச் சொன்னால் சிரிப்பார்கள். பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் ஒரே வாரத்தில் போக நினைப்பதால் வரும் நெருக்கடி அது. ஜூலை, ஆகஸ்ட் பயணம் என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே பார்க்கத் தொடங்குங்கள். லண்டனில் கிடைக்காவிட்டால் அதே நாட்டுக்கு மான்செஸ்டரிலோ எடின்பரோவிலோ மையம் இருக்கிறதா என்று பாருங்கள். ரயில் டிக்கெட் செலவு பரவாயில்லை. அதிகாலையிலும் நள்ளிரவை ஒட்டியும் ரத்தான ஸ்லாட்கள் எங்களுக்குக் கண்ணில் பட்டன. எங்களுக்குக் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான், மனைவி குழந்தைக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தபோது போனில் பார்த்துப் பிடித்தாள். 'ஸ்லாட் வாங்கித் தருகிறேன், இவ்வளவு பவுண்ட் கொடுங்கள்' என்று டெலிகிராமில் வருகிறவர்களிடம் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்காதீர்கள். பணம் போனால்கூட சம்பாதிக்கலாம், பாஸ்போர்ட் விவரம் யார் யார் கைக்குப் போகிறது என்று தெரியாது.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதற்கு முன் 80. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு 45. ஆறு வயதுக்குக் கீழே இலவசம். இங்கே பவுண்டாக மாற்றி வாங்குவார்கள். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அது விசா கட்டணத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எஸ்எம்எஸ், கூரியர், பிரீமியம் லவுஞ்ச் எல்லாம் உங்கள் விருப்பம். லவுஞ்சில் சோபா நன்றாக இருக்கும் என்கிறார்கள், கோப்பு போகும் மேஜை ஒன்றுதான்.

இனி காகிதங்கள். பட்டியல் எல்லாத் தூதரகத் தளத்திலும் இருக்கிறது, அதை இங்கே திருப்பி எழுதப் போவதில்லை. ஆனால் வெளிநாட்டில் இருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பது வேறு. ஊரிலிருந்து போட்டால் 'இந்தியாவுக்குத் திரும்பி வருவாயா' என்று பார்ப்பார்கள். இங்கிருந்து போட்டால் அவர்கள் பார்ப்பது 'பிரிட்டனுக்குத் திரும்பி வருவாயா, அங்கே உனக்கு என்ன இருக்கிறது' என்பது. ஊரில் இருக்கும் வீட்டுப் பத்திரம், நிலப் பட்டா, அப்பாவின் பிக்சட் டெபாசிட் ரசீது எல்லாவற்றையும் சேர்த்துத் தலையணை மாதிரி கொண்டுபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றை யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை. இங்கே நாம் வசிப்பதற்கான சான்று, இங்கே வேலை, இங்கே வரும் சம்பளம், பிள்ளை படிக்கும் பள்ளி, இவைதான் கோப்பின் முதுகெலும்பு.

வசிப்பதற்கான சான்று என்றால் முன்பு பிஆர்பி என்ற குடியிருப்பு அனுமதி அட்டை. அதை நீட்டினால் முடிந்தது. 2024 இறுதியோடு அந்த அட்டைகளின் காலம் பெரும்பாலும் முடிந்து இப்போது எல்லாம் இ-விசா. கையில் காட்ட ஒன்றும் இல்லை என்பதால் பலர் குழம்புகிறார்கள். பிரிட்டிஷ் அரசு இணையதளத்தில் உள்நுழைந்து, நம் அனுமதியை மற்றவர்கள் சரிபார்க்க உதவும் ஷேர் கோடு எடுக்க வேண்டும். அங்கே எதற்காக என்று கேட்கும்: வேலைக்கா, வீட்டு வாடகைக்கா, வேறு காரணத்துக்கா. இதில் மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். வேலைக்கு எடுத்த கோடு டபிள்யூ எழுத்தில் தொடங்கும், வாடகைக்கு ஆர், மற்றவற்றுக்கு எஸ். எஸ்ஸில் தொடங்குவதுதான் நமக்கு வேண்டியது. கோடு 90 நாள் செல்லும், எனவே அப்பாயின்ட்மென்ட்டுக்கு முந்தைய வாரம் எடுத்தால் போதும். கோடோடு நிறுத்தாமல், நம் நிலையையும் கடைசித் தேதியையும் காட்டும் பக்கத்தை பிடிஎஃப்பாக இறக்கி அச்செடுத்துக் கோப்பில் முதல் தாளாக வையுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கோடு; குழந்தைக்கும் உண்டு. கடைசித் தேதியையும் கவனியுங்கள். பயணம் முடிந்து குறைந்தது மூன்று மாதமாவது பிரிட்டன் அனுமதி மிச்சம் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான தூதரகங்கள் எதிர்பார்க்கின்றன. விசா நீட்டிப்பு வரப்போகிறது என்றால் முதலில் அதை முடித்துவிட்டு விடுமுறையைப் பற்றி யோசியுங்கள்.

பாஸ்போர்ட்டுக்கும் அதே போலக் கணக்கு உண்டு: ஷெங்கனை விட்டு வெளியே வந்த பிறகு மூன்று மாதம் செல்ல வேண்டும், பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

வேலைக் கடிதத்தில் பதவி, சம்பளம், சேர்ந்த தேதி, விடுப்பு அனுமதிக்கப்பட்ட நாட்கள், திரும்பி வேலைக்கு வரும் தேதி இவ்வளவும் இருக்க வேண்டும். எச்ஆர் அனுப்பும் ஆயத்தக் கடிதத்தில் விடுப்புத் தேதி இருக்காது, கேட்டு எழுதி வாங்குங்கள்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருப்பு எவ்வளவு என்பதைவிட, அது எப்படி வந்தது என்பதைத்தான் பார்ப்பார்கள் என்பது என் அனுமானம். எங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. இங்கே நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சீட்டு ஒன்றில் நான் இருக்கிறேன். விண்ணப்பத்துக்கு முந்தைய மாதம்தான் என் முறை வந்து மொத்தப் பணமும் கணக்கில் விழுந்தது. சம்பளத்தைப் போல மூன்று மடங்கு, நண்பர் ஒருவரின் பெயரில். வெளியிலிருந்து பார்த்தால் விசாவுக்காகக் கைமாற்று வாங்கிக் கணக்கை நிரப்பியது போலவே இருக்கும். அதே ஸ்டேட்மென்ட்டில் மாதாமாதம் நான் சீட்டுக்குக் கட்டிய தொகை வெளியே போயிருந்த வரிகளை மஞ்சள் மார்க்கரால் கோடிட்டேன். கவரிங் லெட்டரில் இரண்டு வரி: நண்பர்களின் மாதச் சேமிப்புக் குழுவில் என் பங்கு இந்தத் தேதியில் கிடைத்தது, கட்டிய தவணைகள் குறியிடப்பட்டுள்ளன. அந்தப் பணம் இல்லாமலேயே பயணச் செலவுக்குச் சம்பளம் போதும் என்று மூன்றாவதாக ஒரு வரி. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி வரக்கூடிய இடத்தில் நாமே பதிலை வைத்துவிடுவது நல்லது. அதிகாரிக்கு நம்மைக் கூப்பிட்டுக் கேட்க நேரமும் கிடையாது, கட்டாயமும் கிடையாது.

இதைவிடப் பெரிய கதை எங்கள் பெயர்கள்.

தமிழ்நாட்டில் நமக்கு இனிஷியல்தான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பின்பெயர் கட்டத்தில் போட்டோம். என் பின்பெயர் என் அப்பா பெயர். மனைவி கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர், அதை மாற்ற வேண்டிய தேவை எங்களுக்கு வந்ததே இல்லை. மகளுக்கு என் பெயர். ஆக, ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பின்பெயர். ஒரு ஐரோப்பிய அதிகாரி மேலோட்டமாகப் பார்த்தால், சம்பந்தமில்லாத ஓர் ஆணும் பெண்ணும் யாரோ ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டப் போகிறார்கள் என்றுதான் தெரியும். குழந்தை விஷயத்தில் அவர்கள் கண்டிப்பாக இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, இருக்கத்தான் வேண்டும்.

ஆகவே கல்யாணச் சான்றிதழும் மகளின் பிறப்புச் சான்றிதழும் எங்களுக்கு அவசியமாகிவிட்டன. பிறப்புச் சான்றிதழில் ஒரு நுணுக்கம். இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளுக்குச் சுருக்கச் சான்றிதழ், முழுச் சான்றிதழ் என்று இரண்டு வகை உண்டு. சுருக்கமானதில் பெற்றோர் பெயரே இருக்காது, எனவே அது இதற்கு உதவாது. முழுச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் பணம் கட்டி வரவழைத்துக்கொள்ளலாம். ஊரில் வாங்கிய கல்யாணச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். கவரிங் லெட்டரில் ஒரு சின்னப் பத்தி எழுதினேன்: எங்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது, ஒவ்வொருவரும் தந்தையின் பெயரைப் பின்பெயராக வைத்துக்கொள்கிறோம். அதன் கீழே மூன்று வரியில் யார் யாருக்கு என்ன உறவு, அதற்குச் சான்று எத்தனையாவது பக்கத்தில். பாஸ்போர்ட்டில் பின்பெயர் கட்டமே காலியாக இருக்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: விசா படிவம், டிக்கெட், இன்சூரன்ஸ், ஓட்டல் எல்லாவற்றிலும் பெயர் எந்த வரிசையில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். டிக்கெட் தளம் பின்பெயர் இல்லாமல் விடாது. அது முழுப்பெயரை இரண்டு முறை அச்சடித்து வைக்கும். அந்த வித்தியாசத்துக்கும் கடிதத்தில் ஒரு வரி போதும்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் கூட்டிக்கொண்டு போவதானால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

தங்குமிடம் பற்றி. மனைவியின் பெரியம்மா குடும்பம் புதுச்சேரிக்காரர்கள், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிஸ் புறநகர் ஒன்றில் ரொம்ப வருடமாக இருக்கிறார்கள். "ஓட்டலா? வீட்டுல இடமில்லையா?" என்று பெரியம்மா கோபித்துக்கொண்டார். உறவினர் வீட்டில் தங்குவதாகச் சொன்னால், அவர்கள் தங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தில், அங்கே 'மேரி' என்பார்கள், ஒரு வரவேற்புச் சான்றிதழ் வாங்கி நமக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் 'அத்தெஸ்தசியோன் தக்காய்'. வீடு யாருடையது, எத்தனை அறை, வருமானம் எவ்வளவு என்று அவர்களும் அங்கே காகிதம் காட்டியாக வேண்டும். சாதாரணமாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பிரான்ஸில் செல்லாது. பெரியப்பா போன் செய்து, "மேரியில ரெந்தேவூ அடுத்த மாசம்தான் குடுக்கிறான்பா" என்றார். ரெந்தேவூ என்றால் அப்பாயின்ட்மென்ட். எங்கள் ஸ்லாட் அதற்கு முன்பே இருந்ததால், ஓட்டலே போட்டுவிட்டோம். ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் போடுங்கள். ஆனால் விண்ணப்பத்தைக் கொடுத்த மறுநாளே ரத்து செய்யாதீர்கள். ஓட்டலைக் கூப்பிட்டு விசாரிக்கிற தூதரகங்கள் உண்டு. விமான, ரயில் டிக்கெட்டுக்கு முன்பதிவு காட்டினால் போதும், விசா வரும் வரை காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்று பல தூதரகங்களே சொல்கின்றன. போலி டிக்கெட் அச்சடித்துத் தரும் கடைகளின் பக்கம் போகவே வேண்டாம். பயண இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், எல்லா ஷெங்கன் நாட்டிலும் செல்ல வேண்டும், பயண நாட்கள் முழுவதற்கும் பொருந்த வேண்டும்.

மையத்துக்குப் போன நாள். பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள், டோக்கன் கொடுத்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் முதலில் செய்தது, நான் அழகாக ஸ்டேப்பிள் அடித்துக் கொண்டுபோயிருந்த எல்லாவற்றையும் ஒரு சின்னக் கருவியால் பிரித்து எடுத்தது. எல்லாத் தாளும் ஸ்கேனரில் போக வேண்டும். தன் பட்டியல் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டார். பட்டியலில் இல்லாத தாள்களை ஒதுக்கி 'இது வேண்டாம்' என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். பெயர் விளக்கம் இருந்த கவரிங் லெட்டரையும் ஓரமாகத்தான் வைத்தார். தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதும் சேர்த்துவிட்டார். அது தூதரகத்துக்கான காகிதம், அவர் வேண்டாம் என்றாலும் நாம் பணிவாக வற்புறுத்தலாம். மூன்று பாஸ்போர்ட்டையும் விரித்து வைத்துக்கொண்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "நீங்கள் மூன்று பேரும் ஒரே குடும்பமா?"

அப்புறம் கைரேகையும் போட்டோவும். ஒரு தடவை கொடுத்த கைரேகையை 59 மாதம் வரை திரும்பப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதால் எனக்கு எடுக்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன்; என் பழைய விசா எண்ணைப் படிவத்தில் எழுதியும் இருந்தேன். இருந்தாலும் எடுத்தார்கள், கொடுத்துவிட்டு வந்தேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கைரேகை கிடையாது. அந்தப் பச்சை வெளிச்சத்தில் விரல் வைக்க வரிசையில் நின்ற மகளுக்கு அதில் பெரிய வருத்தம். போட்டோ 35-க்கு 45 மில்லிமீட்டர், ஆறு மாதத்துக்குள் எடுத்தது. அங்கேயே எடுக்கும் இயந்திரம் இருக்கிறது, ஆனால் விலை அதிகம்.

விண்ணப்பத்தைக் கொடுத்த பின் பாஸ்போர்ட் நம்மிடம் இருக்காது. வெளிநாட்டில் வசிக்கிறவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். முடிவு சொல்ல 15 நாள், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை போகலாம். அதற்குள் ஊரிலிருந்து ஏதாவது செய்தி வந்தால்? என் அலுவலகத்தில் ஒருவருக்கு அப்படி ஆனது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு சென்னைக்குப் பறந்தார். கட்டணம் போயிற்று, ஆனால் அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த வழி இருக்கிறது என்பதும், யாருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். வீட்டில் வயதானவர்களுக்கு உடல்நிலை சரியில்லாத நேரத்தில் விண்ணப்பமே போட வேண்டாம் என்பேன்.

விசா ஒட்டி வந்த பாஸ்போர்ட்டை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர் எழுத்து, பாஸ்போர்ட் எண், தேதிகள், எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம். இதில் கடைசி இரண்டில்தான் எல்லோரும் குழம்புவது. 'ஜூன் 1 முதல் ஜூன் 30 வரை' என்று தேதி இருந்து, தங்கும் நாள் 15 என்று இருந்தால், அந்தக் காலத்துக்குள் பதினைந்து நாள் மட்டுமே இருக்கலாம். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். ஒருமுறை நுழைவு என்றால், நடுவில் லண்டனுக்கு எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பப் போக முடியாது. 'மல்ட்' என்று இருந்தால் பலமுறை போகலாம், அப்போதும் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் கூடாது.

பலமுறை விசா விஷயத்தில் நம் ஆட்களிடம் ஒரு தவறான செய்தி சுற்றுகிறது. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தளர்வு அறிவித்தது: மூன்று வருடத்தில் இரண்டு விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு வருட விசா, அதன்பின் ஐந்து வருட விசா. அது இந்தியாவில் வசித்து அங்கேயே விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு. லண்டனில் இருக்கும் நமக்குப் பொது விதிதான்: இரண்டு வருடத்தில் மூன்று விசா பயன்படுத்தியிருந்தால் ஒரு வருட விசா, அது நல்லபடியாக முடிந்தால் இரண்டு வருடம், பிறகு ஐந்து. கவுண்டரில் போய் 'எங்களுக்கு ரூல் மாத்திட்டாங்களே' என்று வாதாடிப் பயன் இல்லை.

மறுத்துவிட்டால் காரணங்கள் அச்சடித்த தாள் ஒன்று வரும், அதில் பொருந்துவதற்கு டிக் போட்டிருப்பார்கள். என் நண்பர் ஒருவருக்கு ஒரு நாட்டுத் தூதரகம் 'பயணத்தின் நோக்கம் பற்றிய தகவல்கள் நம்பத்தக்கவையாக இல்லை' என்று டிக் போட்டுக் கொடுத்தது. அவர் கோப்பை எடுத்துப் பார்த்தோம். ஓட்டல் முன்பதிவு ஐந்து இரவு, படிவத்தில் ஏழு நாள், அலுவலக விடுப்புக் கடிதத்தில் பத்து நாள். மூன்றும் உண்மைதான்; கடைசி இரண்டு இரவு அக்கா வீடு, மற்ற விடுப்பு லண்டனில் ஓய்வு. ஆனால் அதை எங்கேயும் எழுதவில்லை. மேல்முறையீட்டுக்கு வழி உண்டு, கெடு நாட்டுக்கு நாடு மாறும், அந்தத் தாளிலேயே எழுதியிருக்கும். இவர் மேல்முறையீட்டுக்குப் போகாமல் குறையைச் சரிசெய்து புதிதாகப் போட்டார், கிடைத்தது. பழைய மறுப்பு அவர்களுடைய பொதுத் தரவுத்தளத்தில் இருக்கும், வேறு நாட்டுத் தூதரகத்துக்கும் தெரியும். எனவே அதை மறைக்காமல், முன்பு என்ன குறை, இப்போது என்ன மாற்றியிருக்கிறேன் என்று எழுதிவிடுவதுதான் சரி.

லண்டன்-பாரிஸ் ரயிலான யூரோஸ்டாரில் போகிறவர்களுக்கு: பிரெஞ்சு எல்லைச் சோதனை செயின்ட் பேன்க்ராஸிலேயே ரயில் ஏறுவதற்கு முன் நடந்துவிடும். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் இஇஎஸ் என்ற மின்னணுப் பதிவு படிப்படியாக வந்திருப்பதால் நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நாட்களை இனிமேல் கணினி எண்ணும், முத்திரை மங்கலாக இருக்கிறது என்ற கதையெல்லாம் நடக்காது. ஓட்டல், இன்சூரன்ஸ், கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் நகல்களைக் கைப்பையில் வையுங்கள். எங்களிடம் மகளின் சான்றிதழைக் கேட்டார்கள்.

திரும்பி வரும்போது பார்ப்பது நம் பிரிட்டன் இ-விசாவை. அது பாஸ்போர்ட் எண்ணோடு இணைந்திருக்கிறது. நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், புது எண்ணை இணையக் கணக்கில் ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஏற்றாவிட்டால் பாரிஸ் கவுண்டரில் அவர்கள் திரையில் நம் அனுமதி தெரியாமல் போகலாம். கையில் ஒரு ஷேர் கோடு அச்செடுத்து வைத்திருந்தால் அந்த நேரத்துக்கு உதவும்.